வெட்ட வெட்ட முளைக்கும் கோரை!

கொல்லைப்புறத்தைச் சிமெண்டு போட்டு மூடலாமா?

கொல்லைக் கதவைத் தள்ளினார்கள். திறக்கவில்லை!

மறுபடியும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். ஒரு சாண் திறந்தது. அந்தப் பக்கம் இடுப்பு உயரத்துக்குப் புல். கதவை அது அமுக்கிப் பிடித்துக் கொண்டிருந்தது!

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து விட்டார்கள். மகனும் மருமகளும் வெளியூரில் வேலை பார்த்தார்கள். இப்போது சொந்த ஊருக்கே திரும்பி வந்து விட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் கொல்லை. ஒரு கிணறு. ஒரு துவைக்கும் கல். மாமியார் உயிரோடு இருந்த வரையில் அந்த வீட்டில் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் காசு கொடுத்தது கிடையாது. எல்லாம் கொல்லையில் காய்த்தது. புடலங்காய் பக்கத்து வீடுகளுக்கும் போனது. "நாமும் அத்தையைப் போல் தோட்டம் போட வேண்டும்" என்பது மருமகளின் ஆசை.

இது ஒரே ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற கதை அல்ல. பூட்டிக் கிடந்து மறுபடியும் திறக்கப்படும் வீடு எந்த ஊரில் இல்லை? திறந்த உடனே முதலில் வரவேற்பது கொல்லையில் வளர்ந்து நிற்கும் களைதான்!

கூலி கொடுத்து நட்டார்கள்!

வைகாசியில் வந்தார்கள். ஆனியில் இரண்டு ஆட்களை விட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்தார்கள். மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, புல்லை வாரிக் குவித்து, இரண்டே நாளில் வேலை முடிந்தது. தரை பளிச்சென்று இருந்தது. பார்க்க ஆசையாக இருந்தது.

ஆடிப் பட்டம் வந்தது. வெண்டை விதை போட்டார்கள். கொத்தவரை போட்டார்கள். கத்தரி நாற்று வாங்கி நட்டார்கள். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஐந்தாம் நாள் பச்சை தெரிந்தது. "வெண்டை முளைத்து விட்டது!" என்று பையன் துள்ளிக் குதித்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் வெண்டை அல்ல! ஊசி போலக் கூர்மையாக, கரும்பச்சையாக, பளபளவென்று நின்றது கோரை!

பிடுங்கிப் போட்டார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் முளைத்தது. அதையும் பிடுங்கினார்கள். அப்புறம் ஊரில் ஒரு கலியாணம். இருபது நாள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு கோரை! வெண்டைச் செடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

கணவருக்கு வெறுத்து விட்டது.

"இதற்கு மேல் செலவு செய்ய என்னால் ஆகாது. மேஸ்திரியிடம் பேசி விட்டேன். கொல்லை முழுக்கச் சிமெண்டுத் தளம் போட்டு விடலாம். பாம்பு பயமும் இருக்காது" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. கிணறு இருக்கிறதே! மழைத் தண்ணீர் எங்கே போகும்?" என்றாள் மனைவி. அதைச் சொன்னாளே தவிர, அவள் மனசில் இருந்தது கிணறு அல்ல. அத்தை நடந்த மண் அல்லவா அது!

இந்தச் சண்டை வேலிக்கு அப்பால் இருந்த பெரியம்மாவின் காதில் விழுந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். ஆயுள் முழுக்க வயலில் களை எடுத்தவர். வேலியோரம் வந்து நின்றார்.

"ஏம்மா, மண்வெட்டியைப் போட்டா கொத்தினீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம் பெரியம்மா. ஆள் விட்டுக் கொத்தினோம்."

"நல்லாக் கொத்தினீங்க போ! கூலி குடுத்து இல்லே கோரையை நட்டு வச்சிருக்கீங்க!"

பெரியம்மா சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல. முழு உண்மை!

மண்ணுக்குள் மணிமாலை

கோரையை ஒரு தடவை இலையைப் பிடித்து இழுக்காமல், மண்ணோடு தோண்டிப் பாருங்கள். அடியில் கருப்பாக, உருண்டையாக ஒரு கிழங்கு இருக்கும். சுண்டு விரல் நுனி பருமன். அதிலிருந்து நூல் போல ஒரு வெள்ளைத் தண்டு கிளம்பி மண்ணுக்குள்ளேயே ஓடும். அது போய் முடியும் இடத்தில் இன்னொரு கிழங்கு. அதிலிருந்து இன்னொரு தண்டு, இன்னொரு கிழங்கு. மணிமாலை கோத்தது போல வரிசையாக இருக்கும்.

இந்த மாலையில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாக் கிழங்கும் ஒரே சமயத்தில் முளைப்பது இல்லை. முன்னால் முளைத்த கிழங்கு மற்றவற்றை முளைக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். மற்றவை தூங்கிக் கொண்டிருக்கும்.

மண்வெட்டி விழுந்தால் என்ன ஆகும்? மாலை அறுந்து விடும். அடக்கி வைத்த கிழங்கின் பிடி விட்டுப் போகும். தூங்கிய கிழங்குகள் எல்லாம் விழித்துக் கொள்ளும். ஒன்று இருந்த இடத்தில் ஐந்து முளைக்கும்!

இலையை மட்டும் பிடித்து இழுத்தாலும் அதே கதைதான். இலை கையோடு வந்து விடும். கிழங்கு மண்ணிலேயே நிற்கும். அடுத்த வாரம் வேறு இலை விடும். அதற்கென்ன, அடியில் சாப்பாட்டு மூட்டை பத்திரமாக இருக்கிறது!

லெராய் ஹோல்ம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1977-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். உலகத்திலேயே மிக மோசமான களைகள் எவை என்று வரிசைப்படுத்தினார்கள். அதில் முதல் இடம் யாருக்கு? நம் கொல்லைக் கோரைக்குத்தான்! இரண்டாவது இடம்? பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்லுக்கு! உலகத்து முதல் இரண்டு எதிரிகளும் ஒரே கொல்லையில் குடியிருந்தால் கணவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒன்று சொல்ல வேண்டும். பாய் பின்னுகிற கோரை வேறு. அது உயரமாக வளர்கிற வேறு ஜாதி. அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். பத்தமடைப் பாயின் புகழ் அதனால் வந்தது. கொல்லையில் முளைக்கும் கோரையில் பாய் பின்ன முடியாது. ஆனால் அதன் கிழங்கு சும்மா அல்ல. நாட்டு மருந்துக் கடையில் கோரைக் கிழங்கு என்று கேட்டால் கொடுப்பார்கள். வாசனைக்காக நலங்கு மாவில் சேர்ப்பது அதைத்தான். குளிக்கும்போது மணக்கிறது, தோட்டத்தில் கழுத்தை அறுக்கிறது!

பட்டினி போடும் வித்தை

"அப்படியானால் இதற்கு வழியே இல்லையா, பெரியம்மா?"

"ஏன் இல்லே? கோபப்பட்டுக் கொத்தினா போகாது. பட்டினி போட்டாப் போகும். ஒரு வருசம் பொறுமை இருக்கா உனக்கு?"

பெரியம்மா சொன்ன வழி இதுதான்.

கோரை முளைக்கும்போது முதல் சில இலைகளைக் கிழங்கில் உள்ள சத்தைச் செலவழித்துத்தான் விடுகிறது. அந்தச் சமயத்தில் கிழங்குக்கு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். இலைகள் பெருகிய பிறகு வெயிலில் உணவு தயாரித்துக் கீழே அனுப்பும். மூன்று, நான்கு வாரத்தில் புதிய கிழங்கு வைக்கத் தொடங்கி விடும்.

ஆகவே, ஐந்தாறு இலை வருவதற்கு முன்னால் எடுத்து விட வேண்டும். எடுத்தால் கிழங்கு மறுபடியும் முளைக்கும். முளைக்கட்டும்! அதுவும் செலவுதான். மறுபடியும் எடுங்கள். வரவு இல்லாமல் செலவு மட்டும் செய்கிற குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? கோரையும் அப்படித்தான் நொடித்துப் போகும்.

இதை ஆராய்ச்சிக்காரர்களும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1930-களில் கோரை நிலத்தை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, விடாமல், இரண்டு பருவங்களுக்கு உழுதார்கள். கோரை ஒழிந்தது. உழுதது பெரிய காரியம் அல்ல. விடாமல் உழுததுதான் காரியம். நடுவில் ஒரு மாதம் விட்டிருந்தால் பழைய கடனெல்லாம் கோரைக்கு அடைந்து போயிருக்கும்!

மருமகள் தினமும் காலையில் பல் துலக்கும் முன்பே கொல்லைக்குப் போனாள். கையில் களைக்கொத்து. 3 சென்ட் நிலத்தை ஆறு பாகமாகப் பிரித்துக் கொண்டாள். ஒரு நாளைக்கு ஒரு பாகம். கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆறு நாளில் முழுக் கொல்லையையும் ஒரு சுற்று பார்த்தாகி விடும். மண் ஈரமாக இருக்கும் இடத்தில் கொத்தை ஆழமாக விட்டுக் கிழங்கோடு எடுத்தாள். இறுகிய இடத்தில் இலையை மண் மட்டத்துக்குக் கீழே அறுத்து விட்டாள். எடுத்த கிழங்கையெல்லாம் துவைக்கும் கல்லில் பரப்பிக் காய வைத்தாள்.

கணவர் சிரித்தார். "சரி, பொங்கல் வரைக்கும் பார்க்கலாம். அதற்கப்புறம் சிமெண்டுதான்!" என்று கெடு வைத்தார்.

ஆவணி, புரட்டாசி போயின. கோரை குறைந்தது போலவும் இருந்தது. குறையாதது போலவும் இருந்தது. பிறகு ஐப்பசி மழை பிடித்துக் கொண்டது. மூன்று வாரம் கொல்லையில் கால் வைக்க முடியவில்லை. மழை விட்டுப் பார்த்தால் கோரை பூத்தே விட்டது!

அன்றைக்கு அவள் அழுது விட்டாள்.

"அழுவாதே. பூத்தது பூத்ததுதான். ஆனா இலையைப் பாரு. போன ஆடியிலே இருந்த தடிமன் இருக்கா?" என்றார் பெரியம்மா.

உண்மைதான். இலைகள் மெலிந்து போயிருந்தன. தோண்டினால் கிழங்கு சுருங்கியிருந்தது. சில கிழங்குகள் விரலால் நசுக்கியதும் பொடிந்தன. அவள் அதைக் கொண்டு போய்க் கணவரிடம் காட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் வந்து போயிற்று. மேஸ்திரியைக் கூப்பிடவில்லை.

சித்திரை வெயில்

கோரைக்குப் பட்டினி ஒரு எதிரி. வெயில் இன்னொரு எதிரி.

கோரைக் கிழங்குக்கு வெள்ளம் பயம் கிடையாது. ஆனால் காய்ச்சல் ஆகாது. ஈரத்தை இழந்தால் செத்துப் போகும். கிழங்குகளில் பெரும்பாலானவை மேல் மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை வெளியே புரட்டிப் போட்டு, இரண்டு வாரம் நல்ல வெயிலில் காய விட்டால் பெரும் பகுதி தீர்ந்து விடும்.

வள்ளுவர் உழவைப் பற்றிப் பாடிய அதிகாரத்தில், உழுத புழுதியை நன்றாகக் காய விடச் சொல்கிறார். அப்படிக் காய விட்டால் ஒரு பிடி எருக்கூட வேண்டாம் என்கிறார். நம் ஊர்க் குடியானவர்கள் கோடை உழவு போடுவதும் இதற்காகத்தான்.

முதலில் மண்வெட்டியால் கொத்தக் கூடாது என்றோமே, இப்போது மட்டும் கொத்தலாமா என்று கேட்பீர்கள். கொத்தலாம். வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. ஈர மண்ணில் கொத்தினால் நடவு. காய்ந்த மண்ணில் கொத்திப் புரட்டினால் களைக்குச் சாவு! அந்த இரண்டு வாரமும் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. கோடை மழை வந்து கெடுத்தால் மறுபடியும் புரட்டிப் போட வேண்டும்.

சித்திரையில் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். தரை வெடித்தது. கணவரே மண்வெட்டியை எடுத்தார்! கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டார். நாலு நாளைக்கு ஒரு தடவை கட்டிகளைத் திருப்பிப் போட்டார்கள். பையன் மேலே வந்த கிழங்கைப் பொறுக்கி எண்ணினான். முந்நூறு வரைக்கும் எண்ணினான். அப்புறம் அலுத்து விட்டது.

அருகம்புல் இருக்கும் இடத்தில் கொஞ்சம் வேறு மாதிரி செய்ய வேண்டும். அருகு தரைக்கு மேலும் ஓடும், கீழும் ஓடும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. எனவே வெட்டக் கூடாது. கடப்பாரையால் நெம்பி மண்ணை இளக்கி, கொடியைப் பிடித்து முழு நீளத்துக்கும் உருவி எடுக்க வேண்டும். எடுத்ததை அப்படியே எருக்குழியில் போட்டு விடாதீர்கள். கோரைக் கிழங்கையும் போடாதீர்கள். கல்லின் மேல் சருகாகக் காய்ந்த பிறகு போடலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம் எருவோடு சேர்ந்து எல்லாப் பாத்திக்கும் போய்ச் சேரும்!

புட்டிக்குள் புதைத்த விதை

கிழங்கில் முளைக்கும் களை சில. விதையில் முளைக்கும் களை பல. சாரணை, குப்பைமேனி, நாயுருவி, நெருஞ்சி என்று பட்டியல் நீளும். இவற்றைப் பிடுங்குவது சுலபம். ஆனால் எங்கிருந்துதான் வருகின்றன? "போன வாரம்தான் ஒன்று விடாமல் எடுத்தேன். அதற்குள் எப்படி வந்தது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் கேட்டார். வில்லியம் ஜேம்ஸ் பீல் என்று பெயர். மிச்சிகன் விவசாயக் கல்லூரியில் வேலை. குடியானவன் எத்தனை வருடம் களை எடுத்தால் மண்ணில் உள்ள களை விதை தீரும் என்று கண்டுபிடிக்க விரும்பினார். 1879-ல் இருபது புட்டிகளில் மணலையும் களை விதைகளையும் போட்டு, மண்ணுக்குள் புதைத்து வைத்தார். ஒரு புட்டியில் ஆயிரத்துக்கு மேல் விதை. ஐந்து வருடத்துக்கு ஒரு புட்டியாக எடுத்து, முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் அவர் திட்டம்.

பேராசிரியர் காலமாகி விட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தொடர்ந்தார்கள். புட்டி இருக்கும் இடம் ரகசியம்! பிறகு பத்து வருடத்துக்கு ஒன்று, இருபது வருடத்துக்கு ஒன்று என்று இடைவெளியை நீட்டினார்கள். 2021-ல் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தார்கள். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த விதை. முளைத்ததா?

முளைத்தது! எல்லாம் அல்ல. ஆனால் சில விதைகள் முளைத்துச் செடியாயின.

அந்தப் புட்டியை அவர்கள் எப்போது தோண்டினார்கள் தெரியுமா? இருட்டில்! வெளிச்சம் பட்டால் விதை விழித்துக் கொள்ளும் என்பதால்தான் இந்த ஜாக்கிரதை. கொல்லைக்கும் இதுதான் பாடம். மண்ணை ஆழமாகக் கிளறும் ஒவ்வொரு தடவையும், அடியில் தூங்கும் விதையை மேலே கொண்டு வந்து வெளிச்சம் காட்டுகிறோம். அது முளைக்கிறது.

எனவே, விதை போடும் முன் ஒரு தந்திரம் செய்யலாம். பாத்தியைத் தயார் செய்து, ஒன்றும் விதைக்காமல் வெறும் தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் களை முளைக்கும். வெயில் ஏறும் நேரத்தில் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டி விடுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். இன்னொரு தடவை தண்ணீர் விட்டு, இன்னொரு தடவை சுரண்டுங்கள். மேல் மண்ணில் இருந்த களை விதை பெரும்பாலும் செலவாகி விடும். அதன் பிறகு காய்கறி விதை போடுங்கள். பதினைந்து, இருபது நாள் தாமதம் ஆகும். ஆனால் பிறகு முதுகு ஒடியக் குனிய வேண்டியது இல்லை.

செடிகளுக்கு நடுவே வைக்கோலோ சருகோ ஒரு கை உயரத்துக்குப் போட்டு வைத்தாலும் விதைக் களை அடங்கும். பழைய செய்தித்தாளை நாலைந்து தாளாக விரித்து, நனைத்து, அதன் மேல் சருகைப் போடலாம். இந்த ஞாயிறு மலரையும் படித்து முடித்த பிறகு அதற்கு உபயோகிக்கலாம்! ஆனால் கோரை இதற்கெல்லாம் மசியாது. அதன் முளை ஊசி. கருப்புப் பிளாஸ்டிக் தாளையே குத்திக் கொண்டு வெளியே வரும்.

கையால் தொடாதீர்கள்!

ஒரு செடியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை செய்ய வேண்டும். இலை காரட் இலை போல இருக்கும். வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கள். பார்க்க அழகாகவே இருக்கும். அதுதான் பார்த்தீனியம் என்ற விஷச்செடி!

இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1955-ல் புனேயில் பரவியிருப்பதைக் கண்டார்கள். அந்நாளில் இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்று சொல்லப்படுகிறது. இன்று ரெயில் பாதை ஓரம், காலி மனை, கொல்லை என்று பார்க்கும் இடமெல்லாம் இருக்கிறது. ஒரு செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் போடும்! தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மகரந்தத்தால் மூச்சு இரைப்பும் வரும். மாடு தின்றால் பாலில் கசப்பு ஏறும். இதைத் தின்று அழிக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டு வந்து, 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வண்டு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது கொல்லைக்கு வரும் வரை காத்திருக்க முடியாது அல்லவா?

பூப்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை போட்டுக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக் கொள்ளுங்கள். குழந்தைகளை அந்த வேலைக்கு விடவே கூடாது.

உப்புக் கரைசல் வேண்டாம்

இந்தக் குடும்பமும் ஒரு தவறு செய்தது. செல்போனில் யாரோ சொன்னார்கள் என்று, உப்பும் வினிகரும் சோப்பும் கரைத்துக் கொல்லை மூலையில் ஊற்றினார்கள். மறுநாள் கோரை இலையெல்லாம் கருகி விட்டது. ஒரே சந்தோஷம்! பத்தே நாளில் கோரை திரும்பி வந்தது. கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்பு மட்டும் மண்ணில் தங்கி விட்டது. அந்த மூலையில் போட்ட கீரை முளைக்கவே இல்லை.

களைக்கொல்லி மருந்தும் அப்படித்தான். முளைத்து நிற்பதைக் கொல்லும். தூங்கும் கிழங்கை ஒன்றும் செய்யாது. கிளைபோசேட் என்ற மருந்து புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல் கூறியது. அந்த மருந்தைப் பூச்சி ஒழிப்பில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு போட்டது. சமையலுக்குக் காய் பறிக்கும் 3 சென்ட் நிலத்துக்கு, பக்கத்தில் குடிதண்ணீர்க் கிணறும் இருக்கும்போது, இது எதற்கு?

எல்லாக் களையும் எதிரி அல்ல என்பதையும் பெரியம்மா சொல்லிக் கொடுத்தார். பண்ணைக் கீரை, பருப்புக் கீரை, மூக்கிரட்டை எல்லாம் தானாக முளைப்பவை. இளசாகப் பறித்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும். ஆனால் சந்தேகம் இருந்தால் சட்டியில் போடாதீர்கள். தெரிந்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

மேஸ்திரி வந்தார்

அடுத்த ஆடி வந்தது. இந்தத் தடவை வெண்டை போடவில்லை. "நெழல் குடுக்கிறதைப் போடு. கோரைக்கு நெழல் ஆகாது" என்று பெரியம்மா சொல்லி விட்டார். தட்டைப் பயறை நெருக்கமாக விதைத்தார்கள். நடுநடுவே பூசணி ஊன்றினார்கள். தண்ணீரைப் பாத்தி முழுக்க விடாமல் செடியின் தூரில் மட்டும் ஊற்றினார்கள். வெளியே எரு வாங்கியபோது, கோரைக் கிழங்கு இருக்கிறதா என்று கையால் கிளறிப் பார்த்து, நன்றாக மக்கியதைத்தான் வாங்கினார்கள்.

ஒரு மாதத்தில் பூசணிக் கொடி தரையை மூடி விட்டது. விலக்கிப் பார்த்தால் அடியில் வெளிறிய கோரை அங்கொன்று இங்கொன்று நின்றது. முன்பெல்லாம் ஒரு பாகத்தில் ஒரு கூடை கோரை வரும். இப்போது முழுக் கொல்லையிலும் ஒரு கைப்பிடி. அடியோடு போய் விட்டதா என்றால் இல்லை. வேலிக்கு அப்பால் காலி மனை. அங்கிருந்து மண்ணுக்குள் ஓடி வந்து கொண்டேதான் இருக்கும். அந்த ஓரத்தில் மட்டும் வாரம் ஒரு தடவை ஒரு முழ அகலத்துக்குச் சுத்தம் செய்கிறார்கள்.

கார்த்திகையில் மேஸ்திரி வந்தார். கணவரே கூப்பிட்டனுப்பியிருந்தார்.

"எங்கே சார் தளம்? முழுக் கொல்லைக்கும் அளந்து விடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். துவைக்கும் கல்லைச் சுற்றி நாலு அடி போட்டால் போதும். அதுவும் பூசணிக் கொடியை மிதிக்காமல் போட வேண்டும்" என்றார் கணவர்.

மேஸ்திரி டேப்பைப் பிடித்தார். மருமகள் அவருக்குக் காபி கொண்டு வந்தாள். டம்ளரைக் கொடுத்து விட்டுத் திரும்பியவள், வரப்பு ஓரத்தில் குனிந்தாள். ஊசி போல ஒன்று முளைத்திருந்தது. மூன்றே இலை.

கிழங்கோடு வந்தது.